தாயாருக்குக் கடாரம் காட்டுதல்

வெளிதேசம் சென்று கல்வி கற்பது நம் காலத்துப் புதுமை என்று எண்ணியிருப்போர், கி.பி. 671-ஆம் ஆண்டில் காண்டன் துறைமுகத்திலே கப்பலேறிய இத்சிங் என்னும் சீனப் பிக்ஷுவைச் சற்று ஞாபகத்தில் கொள்வது நலம். நாலந்தாவை நாடிப் புறப்பட்ட அவர், சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சம்ஸ்கிருத இலக்கணம் பயின்று, மலாயு வழியாகக் கடாரம் வந்து சேர்ந்து, அதன் பிறகே பருவக்காற்றின் துணைகொண்டு வங்கக் கடலைக் கடந்தார். அவர் காலத்து வேறொரு பிக்ஷு கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினத்தில் இறங்கிய செய்தியையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அன்று வழித்தங்கலாக இருந்த அந்தக் கடாரம் இன்று படிக்க வருவோர் இறங்குகிற இடமாகவே ஆகிவிட்டது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும், வடக்கே சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. செமிலிங்கிலிருந்து மோட்டாரில் சிறிது நேரம் போனால், ஜெராய் மலையடிவாரத்து மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருள் அருங்காட்சியகம் வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளை, தன்னைப் பார்க்கப் பினாங்கில் விமானம் இறங்கும் தாயாருக்கு இதைவிட வேறெதைக் காட்டப் போகிறான்?

ஆனால் காட்டுவது அவ்வளவு சுலபமன்று. தாயார் வெறும் கையோடு வருவதில்லை. ராஜேந்திர சோழனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கடாரங்கொண்டான் என்ற பெயரில் ஊரே நம் சோழநாட்டில் உண்டு. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைத் தொடராக வாரம்தோறும் காத்திருந்து படித்த தலைமுறை வேறு. கோட்டையும் கொத்தளமும், வித்தியாதரத் தோரணமும், குறைந்தபட்சம் ஒரு கோபுரமாவது கண்ணில் படும் என்று நம்பி வந்த அந்த அம்மாள், புல்வெளியில் இடுப்பளவுகூட எழும்பாத கல்மேடைகளைக் கண்டவுடன், “இதென்னடா, கோபுரத்தையே காணோம்? அஸ்திவாரத்தோட விட்டுட்டாங்களா?” என்று கேட்டால் அதில் தப்பொன்றுமில்லை. மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

பதிலைப் பிள்ளை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்க வேண்டும். இங்கே ஆலயத்தின் அடித்தளத்தைச் செம்பாறைக் கல்லாலும் செங்கல்லாலும் ஆற்றுப் பாறையாலும் கட்டினார்கள். மேலே எழுந்த தூணும் விட்டமும் கூரையும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இந்த மண்ணில் கல் மிஞ்சிற்று. மரம் மக்கிப் போயிற்று.

அருங்காட்சியக வளாகத்தில் முதலில் ஏற வேண்டியது புக்கிட் பத்து பஹாட் ஆலயத்திற்குத்தான். ஜெராயிலிருந்து பாறைகளுக்கிடையே சலசலத்து இறங்கும் ஓடைக்கு அருகே, கர்ப்பக்கிருகம் நின்ற மேடையும், அதற்கு முன்னால் மண்டபமும், தூண்களுக்கு ஆதாரமாயிருந்த கற்களும் வரிசை கலையாமல் தெரிகின்றன. 1936, 37-இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் இதைத் தோண்டினார்கள்; 1959, 60-இல் அலஸ்டர் லாம்ப் சிதறிய கற்களைச் சேர்த்து மறுபடி நிறுத்தினார். பல்லவர் காலத்தை ஒட்டியது என்று முன்னவர் எண்ண, பின்னவர் அதைப் பல நூற்றாண்டு பிற்பட்டதாகக் கருதினார். வளாகத்திலுள்ள பெங்காலான் பூஜாங், புக்கிட் பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆலயங்களோ வேறிடங்களில் கண்டெடுக்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து அடுக்கப்பட்டவை. எது சொந்த மண்ணில் நிற்பது, எது குடிபெயர்ந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் தாயார் எல்லாம் ஒரே கோயில் தெரு என்று நினைத்துவிடுவார்.

இங்கே தாயார் பிள்ளைக்குச் சொல்லித் தரும் கட்டமும் ஒன்று உண்டு. லாம்ப் கற்களை நிறுத்தியபோது மண்ணுக்கடியில் அகப்பட்டவை சிறு கற்பேழைகள். மூடியை எடுத்தால் உள்ளே ஒன்பது குழிகள். நடுக்குழியில் ஒரு செப்புப் பாத்திரம். மணிகளும் பொன் தகடும் உள்ளிட்ட சிறு பொருள்கள். ஆய்வு நூல்களைப் படித்து வந்த பிள்ளை இதற்கு நீண்ட வியாக்கியானம் சொல்லத் தொடங்குவதற்குள், உள்ளூர்க் கோயிலில் கும்பாபிஷேகம் பார்த்த எந்தத் தாயும், “நவரத்தினம் போடுற குழிடா இது, பீடத்துக்கு அடியில வைப்பாங்க” என்று முடித்துவிடுவார். ஆகமங்கள் கர்ப்பந்நியாசம் என்று விதிக்கும் அந்தச் சடங்கு, கடல் கடந்து வந்து, இங்குள்ள சிற்பிகளின் கையில் வேறு வடிவம் பெற்றுக் கிடக்கிறது. சைவமா பௌத்தமா என்று அவ்விடத்தில் வழக்காடத் தேவையில்லை; இரண்டும் இப்பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து வாழ்ந்தன.

இனி ராஜேந்திரன். 1025-ஆம் ஆண்டின் படையெடுப்பை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் சொல்வது கடாரத்திற்குச் செய்யும் அநியாயம் என்பது என் அபிப்பிராயம். அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்னர்தான், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டான். பின்னாளில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரம் போய்ச் சேர்ந்த செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. தந்தை ஊர் கொடுத்த இடத்தோடு மகன் போர் தொடுத்தான். போரோ ஒரு பருவத்துக் காரியம். வாணிபம் ஆயிரம் ஆண்டுக் காரியம். பட்டினப்பாலை சொல்லும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் கொண்டார். அரபியர் கலா என்றனர். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கானும் மத்தியக் கிழக்குக் கண்ணாடியும் பாசிமணியும் மண்ணோடு மண்ணாய்க் கிடைத்தன. ஏறத்தாழ 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய், நடுக்கடலிலிருந்தே மாலுமிகளுக்குக் கரையைக் காட்டிக் கொடுத்தது.

வாணிபத்தின் வேரைப் பார்க்க வேண்டுமானால் சுங்கை பத்துவுக்கு வர வேண்டும். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியதில், இரும்பு உருக்கிய உலைகளும், காற்றூதப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகவும் வெளிப்பட்டன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலம் என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள். எல்லா ஆய்வாளரும் அதை ஒப்பவில்லை. கையளவு பருமனுள்ள அந்தக் குழாய்த் துண்டுகளைப் பார்த்தால், பொன்னும் மணியும் இல்லாமலே ஒரு துறைமுகம் எப்படிச் செழித்தது என்பது விளங்கும். இப்பகுதியில் பதினோராம் எண் ஆலயம் 2013-இல் நிலம் சமன்செய்யும் இயந்திரத்துக்கு இரையாயிற்று. அதையும் தாயாரிடம் சொல்லத்தான் வேண்டும்.

இந்த இடங்களெல்லாம் தோட்டங்களுக்கிடையே இருப்பது தற்செயலன்று. நூறாண்டுக்கு முன் காடு வெட்டிக் கித்தா என்னும் ரப்பர் மரம் நட்ட நிலமே இது. விடியுமுன் பால் வெட்டப் போன நம்மவர் காலில் இடறிய செங்கற்கள் எத்தனையோ! இன்று கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகள் காலியாகி, ஜனங்கள் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். மாரியம்மனும் முனீஸ்வரரும் மட்டும் சில தோட்டங்களில் இன்னும் பெயராமல் இருக்கிறார்கள். அப்படியொரு கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினால், பெருக்கிக்கொண்டிருக்கும் பாட்டி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, “எந்த ஊரு தங்கச்சி? தம்பி இங்கதான் படிக்குதா? பசியாறியாச்சா?” என்று ஆரம்பிப்பார். அந்த விசாரணையில் அரைமணி நேரம் போகும், போகட்டும். கல்மேடைகளின் நடுவே நின்றபோது வராத உறவு தாயாருக்கு இங்கே வந்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டு முன் வந்த வணிகனைப் பற்றிப் பேச ஒருவருமில்லை; கங்காணி கூட்டி வந்த பாட்டனைப் பற்றிப் பேச இவர் இருக்கிறார்.

மறுநாளும் கையிலிருந்தால் ஜெராய் உச்சிக்கு ஏறி, வயலும் அலையாத்திக் காடும் மெர்போக் ஆற்று முகத்துவாரமும் ஒருசேரத் தெரியும் இடத்திலிருந்து துறைமுகத்தின் அமைப்பைக் காட்டலாம். மலைக்கு வடபுறம் புக்கிட் சோராஸில், வேல்ஸ் 1937-இல் தொட்டுவிட்டுப் போன மேட்டைத் தோண்டியபோது, சுதையாலான புத்தர் சிலைகள் அண்மையில்தான் வெளிவந்திருக்கின்றன. பிள்ளையின் பட்டமளிப்புக்குத் தாயார் மறுபடியும் வருவதாக இருந்தால், காட்டுவதற்குப் புதிதாக இன்னும் சில சேர்ந்திருக்கக் கூடும்.