கம்பெனியும் அரசாங்கமும்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் முதலிய ஊர்களைச் சார்ந்த கிராமங்களில் ஒருவரைப் பார்த்து, "உங்கள் மகன் என்ன செய்கிறான்?" என்று வினவினால், "கம்பெனிக்குப் போகிறான்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். எந்தக் கம்பெனி என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இச்சொல் இப்பக்கத்திற்குப் புதியதன்று. 1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த பின்னர், இங்குள்ள குடியானவர்க்குக் கம்பெனி என்றாலே அரசாங்கம் என்று பொருளாயிற்று. நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கம்பெனி உத்தியோகஸ்தருள் பால் பென்பீல்டு என்பார், தம்மையும் சேர்த்து எண்மரைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அமர்த்தினார் என்று எட்மண்டு பர்க் 1785-இல் அச்சபையிலேயே குற்றஞ்சாட்டினார். ஆதலால், வியாபாரச் சங்கங்கள் தம் செல்வத்தால் அரசாங்கத்தைத் தம்வயப்படுத்தும் வழக்கம் எங்கோ அமெரிக்காவில் மாத்திரம் உள்ளது என்று நாம் எண்ணலாகாது.

எனினும் அமெரிக்காவின் செய்தியை முதலிற் சிறிது அறிந்துகொள்வது நலம். அந்நாட்டில் மத்திய அரசாங்கத் தேர்தல்களுக்கு நிற்பவர்களுக்குக் கம்பெனிகள் நேரே பணம் கொடுத்தலை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடை இருக்கவே, 2010-இல் அந்நாட்டு உச்ச நியாயஸ்தலத்தார், ஒன்பதின்மருள் ஐவர் அபிப்பிராயப்படி, வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனியே நின்று எவ்வளவு வேண்டுமாயினும் செலவிடக் கம்பெனிகளுக்கு உரிமையுண்டு என்று தீர்த்தனர். வாசலை அடைத்துப் பலகணியைத் திறந்தது போலாயிற்று. நம் நாட்டிலோ கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தரலாம். ஆயின் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஏழரைக்கு மேற்படலாகாது என்றொரு வரம்பு இருந்தது. 2017-இல் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் தேர்தற் பத்திரங்கள் வந்தன. தந்தவர் பெயர் பொதுஜனங்களுக்குத் தெரியாது. சுப்ரீம் கோர்ட்டார் 2024 பிப்ரவரி 15-இல் இவ்விரண்டையும் செல்லாதனவாக்கிய பின்னரே கணக்கு வெளிப்பட்டது. எல்லாரினும் மிகுதியாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது கோயம்புத்தூரோடு தொடர்புடைய ஒரு லாட்டரிக் கம்பெனி. மோட்டார் செய்வோரும் இரும்பு வார்ப்போரும் அதன் பின்னே நின்றனர் என்பது நம்மைச் சற்று வியப்பில் ஆழ்த்திற்று.

பணம் தருதல் ஒரு வழி. ஆனால் வண்டலூரினின்று வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலினின்று ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒரகடத்திற் சந்திக்கும் இடத்தில் நின்று இருபுறமும் நோக்குவோர்க்கு, அதனினும் வலிய வேறொரு வழி புலப்படும். "யாம் வருவோம்" என்பதும், "யாம் போய்விடுவோம்" என்பதுமாகிய இரண்டு சொற்களே அது. இவ்வளவு சாலை, இவ்வளவு நீர், இவ்வளவு மின்சாரம், இவ்வளவு வரிவிலக்கு என்று கேட்கப்படுகிறது. நாம் தராவிட்டால் ஆந்திரமோ கர்நாடகமோ தரும். இப்போட்டியில் எம்மந்திரிசபையும் கை நழுவவிட விரும்புவதில்லை; அதனை நாம் முற்றும் குறைகூறவும் முடியாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பின்னர், ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த பல குடும்பங்களில் மாதச் சம்பளம் நுழைந்தது உண்மையே.

நோக்கியாக் கம்பெனியின் வரலாறு இதற்கு ஒரு பாடம். 2005-இல் அக்கம்பெனியார் தமிழ்நாட்டு அரசாங்கத்தாரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். நிலத்திலும் வரியிலும் சலுகைகள் வழங்கப்பட்டன. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரிற் கைத்தொலைபேசி உற்பத்தி தொடங்கிற்று. நல்ல நாளில் ஏறக்குறைய எண்ணாயிரம் பேர் அங்கு நேர்வேலை பார்த்தனர். இருபது வயதைச் சற்றே கடந்த பெண்கள் அவருள் மிகப் பலர். 2013-இல் வருமானவரி இலாகாவினர், தொலைபேசிக்குள் அமையும் மென்பொருளுக்காகப் பின்லாந்திலுள்ள தாய்க்கம்பெனிக்கு அனுப்பிய தொகை உரிமைத்தொகையேயாதலின், அதில் வரி பிடித்திருக்கவேண்டும் என்று கூறி ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் கேட்டனர். மாகாண அரசாங்கமும், ஏற்றுமதி என்று காட்டியவை உள்நாட்டில் விற்கப்பட்டன என்று சொல்லி, தன் பங்கிற்கு 2,400 கோடி கேட்டது. கம்பெனியார் இரண்டையும் மறுத்தனர். அதற்குள் நோக்கியாவின் கைத்தொலைபேசித் தொழிலை மைக்ரோசாப்டு விலைக்கு வாங்கிற்று. ஆலையைக் கைமாற்றுவதற்கு 3,500 கோடி ரூபாய்க்கு ஈடு காட்டவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டார் 2014 மார்ச்சில் விதித்தனர். ஆலை கைமாறவில்லை. 2014 நவம்பர் 1-இல் அது மூடப்பட்டது.

இங்கே யார் யாருக்குப் பொறுப்பாளி? வரிவழக்கை இந்திய, பின்லாந்து அரசாங்கங்கள் 2018-இல் தம்முட் பேசி முடித்துக்கொண்டன. கட்டடத்தையும் வேறொரு கம்பெனி வாங்கிற்று. வரியைக் குறித்து ஒரு வார்த்தையும் அறியாத பெண்கள் தாமே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். சலுகை தரும் நாளில் உடன்படிக்கையில் அவர்கள் பெயர் இல்லை. வழக்கு நடந்த நாளிலும் அவர்கள் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். முதலில் வாரி வழங்கிப் பின்னர் வழக்காடிய அரசாங்கத்தையும் நாம் குறை சொல்லாதிருக்க முடியவில்லை.

பின்னர் ஒன்பது ஆண்டு கழித்துச் சட்டமே மாற நேர்ந்தது. அப்போது நடைமுறையிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்று வரம்பு கட்டியிருந்தது. சில ஆலைகளில் அதனைத் தளர்த்திப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடந்தரும் மசோதா 2023 ஏப்ரல் 21-இற் சென்னைச் சட்டசபையில் நிறைவேறிற்று. புதிதாக வரவிரும்பும் கம்பெனிகள் இத்தகைய தளர்ச்சியை எதிர்பார்க்கின்றன என்பது மந்திரிமார் தந்த விளக்கம். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே சபையை விட்டு வெளியேறின. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாளன்று முதன் மந்திரி அதனைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். கேட்டவர் குரலைச் சபையில் நாம் கேட்கவில்லை. மறுத்தவர் குரல் மாத்திரம் கேட்டது.

சங்கம் அமைக்கும் உரிமையும் இவ்வாறே சோதனைக்குள்ளாயிற்று. 2024 செப்டம்பர் 9-இல் ஸ்ரீபெரும்புதூர்ச் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியக் கோரிக்கையும் இருந்தது. எனினும் முதற்கோரிக்கை தம் சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பதே. சங்கத்தின் பெயரிற் "சாம்சங்" என்ற சொல் வரலாகாது என்று கம்பெனியார் ஆட்சேபித்தனர். மூன்று மந்திரிமார் சமாதானம் பேசினர். ஒருபுறம் பலர் கைது செய்யப்பட்டனர், பந்தலும் அகற்றப்பட்டது. முப்பத்தேழு நாளுக்குப் பின் வேலை தொடங்கிற்று. 2025 ஜனவரியில், நியாயஸ்தலத்தின் வழியாகச் சென்று, சங்கம் பதிவாயிற்று. பெயரில் அச்சொல்லும் நின்றது.

சென்னையில் 1918-இற் பி. பி. வாடியா தலைமையில் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின்னர் பின்னி கம்பெனியார் ஐகோர்ட்டிற் சென்று அவருக்குத் தடையுத்தரவு வாங்கியதையும், அத்தகைய வழக்குகளினின்று சங்கங்களைக் காக்கவே 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததையும் மூத்த வாசகர்கள் நினைவுகூர்வார்கள். நூறாண்டு கழிந்தும் பதிவேட்டில் ஒரு பெயரை ஏற்றுவதற்குப் பல மாதம் வேண்டியிருந்தது.

அமெரிக்கச் சட்டம் நம் நாட்டிற்கு வந்து நியாயம் கேட்டதும் உண்டு. அயல்நாட்டு உத்தியோகஸ்தர்க்குக் கைக்கூலி தருதலை அவர்கள் 1977-இற் குற்றமாக்கினர். சென்னையிற் கட்டட அனுமதி பெறுவதற்காகத் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் தர இசைந்தது பற்றிய புகாரில் காக்னிசண்டு கம்பெனி, குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும், 2019-இல் 2½ கோடி டாலர் செலுத்திற்று. ஆனால் 2025 பிப்ரவரியில் ஜனாதிபதி டிரம்பு அச்சட்டத்தின் அமுலை நிறுத்திவைக்க ஆணையிட்டார். ஏப்ரலில் அக்கம்பெனியின் முன்னாள் மேலதிகாரிகள் இருவர் மீதிருந்த வழக்கும் கைவிடப்பட்டது. அந்நாட்டுச் சட்டத்தின் நிழல் எவ்வளவு நீளும் என்பது அந்நாட்டுத் தேர்தலைப் பொறுத்தது போலும்.

இனிப் பொறுப்பின் சங்கிலி எவ்வளவு நீண்டது என்பதற்கு ஒன்று சொல்வோம். 2021 டிசம்பரிற் சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியிற் கெட்டுப்போன உணவால் 159 பேர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். தோழியர் இறந்தனர் என்ற பொய்வதந்தி பரவவே, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர்ச் சாலையில் இரவில் உட்கார்ந்துவிட்டனர். சமைத்தவர் ஒருவர், விடுதி நடத்தினவர் ஒருவர், ஆளனுப்பினவர் ஒருவர், ஆலை பாக்ஸ்கானுடையது, பொருளோ அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனியுடையது. சாலை மறிக்கப்பட்ட பின்னரே, விடுதிகள் தம் விதிகளுக்கு ஒத்தனவல்ல என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-இல் ஆலை மறுபடி திறந்தது. அதன்பின் சிப்காட்டார் வல்லம்–வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பை 706 கோடி ரூபாய்ச் செலவிற் கட்ட, 2024 ஆகஸ்டு 17-இல் அது திறக்கப்பட்டது. பெண்கள் கம்பெனிக்குப் போகிறார்கள். படுக்கை அரசாங்கத்தார் கட்டியது.