மலைச்சாலையில் டிரெய்லர் இழுத்தல்

மலைச்சாலையில் டிரெய்லர் இழுத்தல் என்பது, சொந்த எஞ்சின் இல்லாத வண்டி ஒன்றை இன்னொரு வாகனத்தின் பின்னால் பிணைத்து, ஏற்றமும் இறக்கமும் வளைவும் கொண்ட பாதையில் ஓட்டிச் செல்வதாகும். மேலை நாடுகளில் கார் இழுத்துச் செல்லும் கேரவன் எனப்படும் தங்கும் வண்டிகள் இவ்வகையில் பரவலானவை. இந்தியாவில் அவை அரிது. இங்கே டிராக்டர் டிரெய்லரும் கண்டெய்னர் லாரியும்தான் பெருவழக்கு. வண்டி எதுவானாலும் மலையில் அதை ஆளும் இயற்பியல் ஒன்றே. சமவெளியில் குறையாகத் தெரியாத சிறு பிழைகள் மலை இறக்கத்தில் உயிரிழப்பில் முடிவதால், இதன் அடிப்படைகளை அறிவது தேவையாகிறது.

சட்ட வரையறை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியை டிரெய்லர் என்கிறது. அரை டிரெய்லரும் பக்கவாட்டுப் பெட்டியும் இதில் சேரா. தன் எடையின் ஒரு பகுதியை இழுக்கும் வாகனத்தின் மேல் ஏற்றிவைத்திருப்பது அரை டிரெய்லர். கண்டெய்னர் லாரியின் பின்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது.

முன்பாரமும் பின்பாரமும்

டிரெய்லரில் எவ்வளவு சுமை ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்கு தெரிந்த செய்தி. சுமை முன்பக்கம் மிகுந்தால் வண்டி முன்பாரமாகி, நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் மிகுந்தால் பின்பாரமாகி, நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அச்சுக்குச் சற்று முன்னே பாரம் விழும்படி ஏற்றுவதே சரியான முறை.

கார் இழுக்கும் ஒற்றை அச்சு டிரெய்லருக்கும் இதே விதிதான். அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்புக் கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். ஐரோப்பாவில் இந்த அளவு குறைவு. பின்பாரமான டிரெய்லர் வேகம் கூடும்போது வாலாட்டுவதுபோல் இடமும் வலமும் அலையத் தொடங்கும். முன்பாரம் அளவுக்கு மீறினாலோ, இழுக்கும் வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி குறையும். அதனால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வலுவிழக்கும்.

ஏற்றம்

மலைச்சாலையின் சரிவு விழுக்காட்டில் கூறப்படுகிறது. 100 மீட்டர் செல்லும்போது 6 மீட்டர் உயர்ந்தால் அது 6 விழுக்காட்டுச் சரிவு. இந்தியச் சாலைப் பேராயத்தின் தரநிலைப்படி மலைப்பகுதிச் சாலைகளுக்கு 5 அல்லது 6 விழுக்காடே இயல்பான சரிவாகக் கொள்ளப்படுகிறது. தவிர்க்க முடியாத இடங்களில் இது கூடும்.

வாகனமும் டிரெய்லருமாகச் சேர்ந்து 3 டன் எடை இருப்பதாகக் கொள்வோம். 6 விழுக்காட்டு ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டுமே ஏறத்தாழ 20 கிலோவாட் திறன் வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் குறையும். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே இத்தகைய எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். மெதுவாகச் செல்வதால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றும் குறைந்து எஞ்சின் சூடேறும். எனவே தாழ்ந்த கியரில் சீராக ஏறுவதும், வெப்பமானியைக் கவனித்து வண்டியை ஆறவிடுவதும் நன்று. நிறுத்தும்போது கைபிரேக்கை மட்டும் நம்பாமல் வாகனத்துக்கும் டிரெய்லருக்கும் சக்கரங்களின் கீழ்ப்புறம் கட்டை கொடுக்க வேண்டும்.

இறக்கம்

மலைப்பயணத்தில் பேரிடர் மிகுந்த பகுதி இறக்கமே. ஏறும்போது எஞ்சின் செலவிட்ட ஆற்றல் இறங்கும்போது வேகமாக மாற முயல்கிறது. அதை வெப்பமாக்கி வெளியேற்றுவதே பிரேக்கின் வேலை. மேற்கண்ட 3 டன் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 29 மெகாஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேறு வகையில் சொன்னால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே வண்டியை 70 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையும் சக்கர உராய்வும் இதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ போயாக வேண்டும்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் உராய்வுப் பட்டைகள் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசாக இருக்க வேண்டும். ஈரம் கலந்த நிலையில் இந்த வரம்பு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி தரைவரை இறங்கியும் பிரேக் பிடிக்காது.

இதைத் தவிர்க்கும் வழி எஞ்சின் பிரேக்கிங் ஆகும். இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றினால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதே சரிவில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில், அல்லது அதற்கும் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்பது ஓட்டுநர்களிடையே வழங்கும் பொதுவிதி. பிரேக்கை விட்டுவிட்டு, தேவையான அளவு அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விடுவிக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் வைத்தோ எஞ்சினை அணைத்தோ இறங்குவது மிகத் தவறான பழக்கம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் நின்றுவிடும்.

டிரெய்லரின் தனி பிரேக்

இறக்கத்தில் டிரெய்லர் முன்வாகனத்தைத் தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையெனில் இரண்டின் சுமையையும் முன்வாகனத்தின் பிரேக்கே தாங்க வேண்டும். வளைவில் முன்வாகனம் திடீரென வேகம் குறைத்தால், பின்னால் வரும் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளி, இரண்டும் மடக்குக் கத்திபோல் மடிந்துகொள்ளும். அமெரிக்கத் தங்கும் வண்டிகளில் மின்சார பிரேக்கும், ஐரோப்பிய வண்டிகளில் தள்ளுவிசையாலேயே இயங்கும் பிரேக்கும் பெரும்பாலும் பொருத்தப்படுகின்றன. டிரெய்லர் அலையத் தொடங்கினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்ய முயலாமல் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். டிரெய்லர் பிரேக்கைத் தனியே இயக்க வசதி இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பிரேக் என்ற கோட்பாட்டுக்கு நீலகிரி மலை ரயில் நல்ல எடுத்துக்காட்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான பற்சக்கரப் பாதையில் 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம் உண்டு. அங்கே எஞ்சின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கமே இருக்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது தாங்கிப் பிடிக்கும். அதோடு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காளர் நின்று பணிபுரிகிறார்.

கொண்டை ஊசி வளைவுகள்

வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் முன்வாகனத்தின் தடத்திலேயே வருவதில்லை. அவை உட்பக்கமாகக் குறுக்கே வெட்டி வரும். எனவே உட்பக்கம் இடம் விட்டு அகலமாகத் திரும்ப வேண்டும். இணைப்பு நீளமானால் எதிர்த்தடத்தையும் பயன்படுத்த நேரிடும் என்பதால் எதிரே வண்டி வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே வளைவில் நுழைய வேண்டும். சாலை போதிய அகலமில்லாத இடத்தில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி.

கொல்லிமலைப் பாதையில் 70, வால்பாறைப் பாதையில் 40, உதகை–மசினகுடி இடையிலான கல்லட்டிப் பாதையில் 36, ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இவற்றில் கல்லட்டி செங்குத்தான சரிவுக்கும் விபத்துகளுக்கும் பெயர்பெற்றது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44இல் உள்ள தொப்பூர் கணவாயில் கொண்டை ஊசி வளைவுகள் இல்லை. ஆயினும் சேலம் நோக்கிச் செல்லும் நீண்ட இறக்கத்தில் கனரக வாகனங்கள் கட்டுப்பாட்டை இழந்து முன்செல்லும் வண்டிகள்மேல் மோதுவது அங்கே திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது. வளைவுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் இறக்கத்தின் நீளமும் வேகமும் ஆபத்தானவை என்பதற்குத் தொப்பூர் சான்றாகும்.

சமவெளி டிராக்டர்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன வட்டாரங்களில் நெல், கரும்பு, வைக்கோல், செங்கல் ஆகியவற்றை டிராக்டர் டிரெய்லர்களே சுமக்கின்றன. இங்கே டிரெய்லர் சந்திக்கும் மிகப்பெரிய மேடு பெரும்பாலும் ஏரிக்கரைதான். அது சில மீட்டர் உயரமே என்பதால் தனி பிரேக் இல்லாத டிரெய்லரும் சமாளித்துவிடும். அதே வண்டியை ஜவ்வாது மலை போன்ற பகுதிக்குக் கொண்டு செல்லும்போது நிலைமை மாறிவிடுகிறது.

டிராக்டருக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உள்ளன. சாலைக்கு வரும்போது இவ்விரண்டையும் கொண்டியிட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழக்கூடும். அடுத்து, டிரெய்லரைத் தாழ்வான இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டினால், ஏற்றத்தில் முன்சக்கரங்கள் மேலெழும்பி டிராக்டர் பின்புறமாகப் புரளும். சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக் கோயிலுக்கோ திருமணத்துக்கோ செல்வது சட்டப்படி குற்றம். இத்தகைய பயணங்களில் டிரெய்லர் கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் பலர் உயிரிழக்க நேரிடுகிறது.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை

இணைப்பு ஊசியும் அதன் பூட்டும், இணைப்பு விடுபட்டாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சங்கிலி, டயர்களின் காற்றழுத்தம், பிரேக் எண்ணெயின் அளவும் மாற்றிய நாளும், டிரெய்லரின் பின்விளக்கும் ஒளிர்பட்டையும், சுமை நகராதபடி கட்டிய கயிறு ஆகியவை சரிபார்க்கப்பட வேண்டும். வழியில் பட்டை கருகும் நெடி வந்தாலோ மிதி மென்மையாகத் தோன்றினாலோ பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான பிரேக்கின்மேல் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் காணக்கூடும்.