வாடைக்காலக் கடலும் கமராவின் கணக்கும்

குளிர்காலக் கடலலை என்றதும் வட அத்திலாந்திக்கின் பாறைக் கரைகளில் மோதிச் சிதறும் பேரலைகளே பலருக்கு நினைவில் எழக்கூடுமாயினும், சிலாபம், உடப்பு, தலவில எனக் கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் இலங்கையின் புத்தளம் மாவட்டக் கடலோரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இங்கே கடல் கொந்தளிப்பது, தென்மேற்குப் பருவக்காற்றாகிய சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேயே. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வாடைக்காலத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலைகள் தாழ்ந்து ஒழுங்குபடுகின்றன. ஆதலால் அக்காலத்தில் இக்கரைக்கு வரும் ஒளிப்படக் கலைஞர் அலையின் உயரத்தை விடுத்து, அதன் ஓட்டத்தையே பொருளாகக் கொள்வது தகும்.

ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கருவி ஷட்டர், அதாவது கமராவுக்குள் ஒளி புகும் நேரத்தை அளந்து திறந்து மூடும் கதவு. 1/1000 செக்கன் திறந்தால் நீர்த்துளிகள் தனித்தனியே உறைந்து நிற்கும். அரைச் செக்கன் திறந்தால் நுரை கோடுகளாக நீளும். 30 செக்கன் திறந்தாலோ அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கடற்பரப்பு பனிமூட்டம்போல் தோன்றும். பகலொளியில் இவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும் என்பதால், லென்ஸின் முன்னே கருமையான ஒளிவடிகட்டி பொருத்தப்படுகிறது; ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டி, 1/30 செக்கன் போதுமாயிருந்த காட்சிக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தைத் தருகிறது.

கணக்கோடு கணமும் பொருந்த வேண்டும். கரையேறும் அலையை அரைச் செக்கனில் எடுத்தால் வெண்ணிறத் திரையொன்றே எஞ்சும். அதே அலை திரும்பி இறங்கும்போது எடுத்தால், மணலைத் தடவிச் செல்லும் நுரை நூலிழைகளாகக் கடலை நோக்கி ஓடிப் பார்வையையும் உடன் இழுத்துச் செல்லும். முக்காலியின் கால்களை ஈரமணலில் முன்கூட்டியே ஆழமாக அழுத்திவைக்காவிட்டால், காலடி மணலை நீர் அரித்துச் செல்லும்போது கமரா அசைந்து படம் கலங்கிவிடும். மாறாக, அசைவையே வேண்டி, தொடுவானத்துக்கு இணையாகக் கமராவைக் கையால் மெல்ல நகர்த்தியபடி எடுக்கும் முறையும் உண்டு; அந்தி வானமும் நீரும் மணலும் அப்போது மூன்று வண்ணப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும்.

இத்தகைய உத்திகளைப் பொய் எனத் தள்ளுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கடலுக்கும் வானுக்கும் தேவைப்பட்ட ஒளியளவு வேறுபட்டமையால், பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே இரண்டு நெகட்டிவ்களை இணைத்துக் கடற்காட்சிகளை உருவாக்கினார். இலங்கையின் லயனல் வென்ட் (1900–1944), இருட்டறையில் படத்துக்கு மீண்டும் ஒளியூட்டி நிழலையும் வெளிச்சத்தையும் தலைகீழாக்கும் முறையைத் தம் கலையின் மொழியாகவே ஆக்கிக்கொண்டார்.

கடல் அமைதியுறும் இக்காலமே மேற்குக் கரையில் கரைவலை இழுக்கும் காலமுமாகும். வலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களுக்குப் பேர்பெற்ற உடப்பில், வலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று இழுப்போரை அவர்களின் இசைவுடன் 1/8 செக்கனில் எடுத்தால், பின்னோக்கி நடக்கும் கால்களும் வளையும் முதுகுகளும் கலங்கித் தெரிய, தன் நீளத்தின் வழியே நகரும் இறுகிய கயிறு மட்டும் அசையாத கோடாகப் பதியும். உழைப்பின் அசைவையும் அதைத் தாங்கும் கயிற்றின் உறுதியையும் ஒரே சட்டத்துள் சேர்க்கும் இப்படத்தை எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. எந்தக் காற்றில் எந்தக் கடல் எவ்வாறு அசையும் என்பதை, அக்கயிற்றைப் பிடித்திருப்போரிடம் கேட்டறியும் பொறுமையே வேண்டும்.