சிப்பியும் ஸ்காட்ச்சும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு. அங்குள்ள விஸ்கி ஆலைகள் பலவற்றில், முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் உலர்த்துவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் மட்கிக் கிடக்கும் தாவரப் படிவு. அதைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். அந்தப் புகைவாசம், வடித்துப் பல ஆண்டுகள் பீப்பாயில் வைத்த பிறகும் விஸ்கியை விட்டுப் போவதில்லை. ஆஸ்பத்திரி நெடி என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு!

இதற்கு அந்தத் தீவிலேயே ஒரு ஜோடி இருக்கிறது. ஓட்டைத் திறந்த பச்சைச் சிப்பியின் மேல், எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாகச் சில சொட்டு விஸ்கி விட்டு, அப்படியே வாயில் சரித்துக்கொள்கிறார்கள். கடல் உப்பும் புகையும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும்.

ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் வளர்ந்த விஸ்கி வேறு ரகம். அதில் உலர்திராட்சை வாசம் தூக்கலாக இருப்பதால், பழக் கேக்கும் டார்க் சாக்லேட்டும் பொருந்தும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 அன்றோ, ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸும் மிளகும் சேர்த்து வேகவைத்த ஹாகிஸ்தான் விருந்தின் நாயகன். அதன் மேலேயே விஸ்கியை ஊற்றிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மிளகாய்க் காரம் மட்டும் ஸ்காட்ச்சுக்கு ஒத்துவராது. சட்டப்படி அதில் குறைந்தது 40 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். அது நாக்கின் எரிச்சலைத் தணிக்காது, கூட்டிவிடும்.