அண்ணாமலை நகரில் பன்னிரண்டு ஆண்டுகள்: 703 என்ற எண்ணும் நம் பிள்ளைகளும்

கிள்ளையில் ரயில் ஏறினால் தெற்கே அடுத்த நிலையம் சிதம்பரம். இறங்கிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். நம் பக்கத்து ஜனங்கள் அந்த வளாகத்தைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியை வைத்துத்தான் அறிவார்கள். பிரசவம், விபத்து, பாம்புக்கடி என்றால் அங்கேதான் ஓடுகிறோம். அதே வளாகத்தில் 1929 முதல் 1941 வரை ஒரு கணித விரிவுரையாளர் பாடம் நடத்திக்கொண்டே, உலகம் 170 ஆண்டுகளாகத் தேடிய ஒரு விடையைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் எஸ்.எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ராமானுஜனைத் தெரிந்த மாணவர்களில் பலருக்கு இவரைத் தெரியாது.

அந்தக் கணக்கு என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

1, 8, 27, 64 ஆகியவை கன எண்கள். ஓர் எண்ணை மூன்று முறை பெருக்கினால் கிடைப்பவை. 23 என்ற எண்ணைக் கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுதுங்கள். 27 பெரிது, உதவாது. இரண்டு 8 போட்டால் 16. மீதி 7. அதற்கு ஏழு 1 போட வேண்டும். ஆக மொத்தம் ஒன்பது. எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்பது கன எண்களுக்குள் அடங்கிவிடும் என்று 1770இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங் எழுதினார். நான்காம் படி என்றால் பத்தொன்பது போதும் என்றார். மேலே உள்ள படிகளுக்கும் இப்படி ஓர் எல்லை இருக்கும் என்றார். நிரூபணம் தரவில்லை. எல்லை என்று ஒன்று இருக்கிறது என்பதை ஜெர்மனியின் ஹில்பர்ட் 1909இல் நிரூபித்தார். அது எத்தனை என்பது அப்போதும் திறந்தே கிடந்தது.

ஏழாம் படியிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, விடை தரும் வாய்பாட்டைப் பிள்ளை 1930களின் நடுவில் கண்டார். அதே சமயத்தில் அமெரிக்காவில் டிக்சன் என்ற பெரிய பேராசிரியரும் தனியாக அதையே கண்டார். ஒருவர் சிகாகோவில், ஒருவர் சிதம்பரத்தில்! ஆறாம் படி மட்டும் அந்த வலையில் சிக்காமல் நழுவியது. 1940இல் பிள்ளை அதையும் பிடித்தார். விடை 73. ஏன் 73க்குக் குறையாது என்பதை நீங்களே பார்க்கலாம். 2இன் ஆறாம் படி 64. 3இன் ஆறாம் படி 729. 703 என்ற எண் 729க்குக் கீழே நிற்கிறது. ஆகவே 64-ஐயும் 1-ஐயும் வைத்தே அதைக் கட்ட வேண்டும். பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று 1. மொத்தம் 73. எந்த எண்ணுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது என்று காட்டியதுதான் பிள்ளையின் சாதனை. ஐந்தாம் படிக்குச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964இலும், நான்காம் படிக்கு நம் ஆர். பாலசுப்பிரமணியன் இரண்டு பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து 1986இலும் முடிவு கட்டினார்கள் என்றால், இந்தக் கணக்கின் கடினம் விளங்கும்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. தாளும் பேனாவும் நேரமும் தேவைப்பட்டன. அந்த நேரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

பிள்ளை 1901இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்தார். பள்ளியின் கடைசி ஆண்டில் தந்தையும் போய்விட்டார். அன்றைக்கே அந்தப் பையன் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போயிருக்க வேண்டியவன். சாஸ்திரியார் என்ற அவருடைய ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். அதற்குப் பிறகு உதவித்தொகை வந்தது. நாகர்கோவில், திருவனந்தபுரம், பிறகு சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி என்று பாதை திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கு. அது இல்லையென்றால் 73 இல்லை.

இந்த இடத்தில் இந்தப் பகுதியை வாசிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கை சேரிப் பிள்ளையை நோக்கி நீண்டிருக்குமா? சாஸ்திரியாரைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத்தான் ஆசிரியர் உதவ முடியும். நம் பிள்ளைகளைப் பல பள்ளிகள் வாசலிலேயே நிறுத்தின. உள்ளே விட்ட இடத்திலும் மூலையில் தனியே உட்கார வைத்தன. பெஞ்சுக்கே வராதவன் கணக்கில் கெட்டிக்காரன் என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு. ஆரணி பக்கம் பிறந்து, துறவியாகி, இந்த ஊருக்கு வந்து, ஒரு தனி ஆசிரியர் ஒரு பையனுக்குச் செய்வதை ஒரு சமூகத்துக்கே செய்ய முனைந்தவர் அவர். படிப்பு மட்டும் போதாது, தங்க இடமும் சோறும் வேண்டும் என்பதை அவர் முதலிலேயே உணர்ந்திருந்தார். பள்ளியோடு விடுதி சேர்ந்தது. சட்டமன்றத்திலும் நம் கல்விக்காகப் பேசினார். 1959இல் மறையும் வரை அதுவே வேலை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் அரசின் பிடிக்குள் வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடம் உண்டு. ஆனாலும் பிளஸ் ஒன் சேரும்போது "கணக்கு குரூப் உனக்கு வராதுப்பா" என்று நம் பிள்ளையிடம் சொல்லும் குரல் இன்னும் ஓயவில்லை. நல்லெண்ணத்தோடும் சொல்கிறார்கள், அதுதான் கொடுமை. பிச்சாவரம் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களில், குரூப் பற்றிய பேச்சுக்கு முன்பே சாதிச் சான்று குறுக்கே நிற்கிறது. சான்று இல்லாமல் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை. பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அதை ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கி வைப்பது நல்லது. பிளஸ் டூ முடிந்த பிறகு அலைந்தால் சேர்க்கை தேதி போய்விடும்.

கணிதத்தில் மேலே போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகலைக்குப் பிறகு முழுநேர ஆராய்ச்சி செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. தேசிய ஆய்வு உதவித்தொகை தனி. ஆராய்ச்சி என்றால் வீட்டுக்குச் சம்பாத்தியம் வராது என்ற பயத்தில் நம் வீட்டுப் பெண்கள் எம்.எஸ்சி.யோடு நிற்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் கொஞ்சமாவது மருந்து இது.

பிள்ளையின் முடிவு துயரமானது. அண்ணாமலை நகரிலிருந்து திருவிதாங்கூர், பிறகு கல்கத்தா என்று போனார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளக் கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. வயது 49.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 23க்கு ஒன்பது கன எண்கள் தேவை என்று பார்த்தோம். அப்படி ஒன்பது தேவைப்படும் எண் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது 239. பெரிய எண்ணான 216-ஐ எடுத்துத் தொடங்கினால் பத்தாகிவிடும். வேறு வழியில் ஒன்பதில் முடிக்கலாம். போட்டுப் பாருங்கள்.