இருமலை எண்ணும் கருவி

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருமுறீங்க?" என்று டாக்டர் கேட்டால் யாரால் சரியாகச் சொல்ல முடியும்? தூக்கத்தில் வரும் இருமல் நினைவில் நிற்பதில்லை, பகலில் வருவது பழகிப்போய்விடுகிறது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் இறங்கி உப்பு வாருபவரைக் கேட்டால் "லேசா இருமல்தான்" என்பார். காரணம் உப்புத்தூசாக இருக்கலாம், விறகடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

அந்த எண்ணிக்கையை எடுக்கத்தான் உடலில் அணியும் கருவிகள் வந்திருக்கின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் உருவாக்கிய விட்டலோஜாக் என்ற கருவியில் சட்டையில் ஒரு மைக், நெஞ்செலும்பின் மேல் ஒட்டிய இன்னொரு மைக். இரண்டும் 24 மணி நேரம் பதிவு செய்யும். இருமல் இல்லாத பகுதிகளை மென்பொருள் வெட்டி எறிந்துவிடும். மிச்சத்தைப் பயிற்சி பெற்றவர்கள் காதால் கேட்டு எண்ணுவார்கள். நாள்பட்ட இருமலுக்கான ஜெஃபாபிக்சன்ட் மருந்து வேலை செய்கிறதா என்று பெரிய சோதனைகளில் பார்த்தது இதை வைத்துத்தான். ஜப்பான் 2022-ல் அந்த மருந்தை அனுமதித்தது.

எண்ணுவதை முழுக்க இயந்திரத்திடம் விடுவது லேசல்ல. மூடிய குரல்வளை சட்டென்று திறக்க, காற்று வெடித்து வெளியேறுவதே இருமல். சுமார் அரை விநாடியில் முடிந்துவிடும். தொண்டையைச் செருமுவதும் சிரிப்பும் அதைப் போலவே ஒலிக்கும். உப்பளத்தில் இன்னும் சிக்கல்: கடற்காற்று மைக்கில் மோதும், பக்கத்துப் பாத்தியில் இருப்பவர் இருமினாலும் பதிவாகும். ஆகவே ஒலியைவிடத் தோலின் அதிர்வை அளக்கும் கருவிதான் இங்கே பொருந்தும் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு, 2020-ல் கொரோனா நோயாளிகளுக்காகத் தொண்டைக்குழியில் ஒட்டும் அப்படிப்பட்ட மெல்லிய பட்டை ஒன்றைச் செய்தது. பக்கத்தில் இருப்பவரின் இருமல் நம் தொண்டையை அதிர வைக்காது. அணிந்தவர் என்ன பேசினார் என்று யாரும் ஒட்டுக்கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் உப்பும் வியர்வையும் ஊறும் தோலில் பசை நிற்க வேண்டுமே!

ஹைதராபாத் நிறுவனம் ஒன்றின் ஸ்வாசா என்ற மென்பொருள் வேறு வழி. செல்போனில் இருமிக் காட்டினால், ஒலியை வைத்து நுரையீரலின் நிலையைக் கணிக்கும். ஆனால் நாள் முழுக்க எண்ணாது.

எண்ணிக்கை மட்டுமே நோயைச் சொல்லிவிடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் உப்பளம் மூடிக்கிடக்கும் மழைக்காலத்தில் ஒரு நாள், உப்பு வாரும் கோடையில் ஒரு நாள் என்று எண்ணும் கருவியை அணிந்து பார்த்தால், வேலைக்கும் இருமலுக்கும் தொடர்பு உண்டா என்பது பிடிபடத் தொடங்கும். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இருமலை எண்ணும் கருவியும் அவர்கள் பையில் இருக்க வேண்டும்.