பெரிய பம்பி போட்டால் தண்ணீர் கூடுமா? திருகோணமலைக் கரையோரக் கிணறுகளின் கணக்கு

திருகோணமலை நகரத்துக்குக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. ஆனாலும் பல வளவுகளில் கிணறு இன்னும் இருக்கிறது. எங்கள் வளவிலும் இருக்கிறது. குழாய்நீர் நிற்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும். நகரத்தைத் தாண்டி நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று வடக்கே போனால், சின்ன வெங்காயத் தோட்டங்களும் கிணற்றை நம்பியே இருக்கின்றன. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் எல்லா இடத்திலும் ஒரே பேச்சுத்தான்: இதைவிடப் பெரிய பம்பி போட்டால் என்ன?

முதலில் பம்பி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கிணற்றுக்கு மேலே வைக்கும் பம்பி, குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்று கிணற்று நீரை அழுத்த, நீர் குழாயில் ஏறுகிறது. காற்றால் அப்படித் தள்ளக்கூடிய உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர். நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் ஏறுவதே கஷ்டம். மோட்டாரின் குதிரைவலுவைக் கூட்டினாலும் இந்த எல்லை மாறாது. அதற்குக் கீழே நீர் இருந்தால், நீருக்குள் இறக்கும் மோட்டார்தான் வேண்டும். நமது மணற்பாங்கான கரையோரக் கிணறுகளில் பெரும்பாலானவை ஆழம் குறைந்தவை. அங்கே ஆழம் ஒரு பெரிய தடையில்லை.

பணம் வீணாவது பெரும்பாலும் குழாயில்தான். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு நீரைக் கொண்டுபோக உராய்வினால் ஏற்படும் இழப்பு சுமார் 30 மடங்காகிறது. ஒழுகும் அடிவால்வும், காற்று உறிஞ்சும் மூட்டும் இன்னொரு பக்கம் எரிபொருளைத் தின்கின்றன. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, மண்ணெண்ணெய்ப் பம்பியில் இறைத்த தோட்டக்காரருக்கு ஒவ்வொரு லீற்றரும் கணக்கானது. புதுப் பம்பி வாங்க முன்னர் குழாயையும் அடிவால்வையும் சரிபார்ப்பதே மலிவான முன்னேற்றம்.

கரையோரத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மணலுக்குள் நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் சற்றுக் கனமானது. நன்னீர் ஒரு மடங்கென்றால் அது 1.025 மடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபன், அதன்பின் 1901இல் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க் ஆகியோர் இந்த வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கைச் சொன்னார்கள். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால்தான் பயம். நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கி, அப்படியே நீண்டகாலம் வைத்திருந்தால், அடியில் உப்புநீர் 4 மீற்றர் வரை மேலே வரலாம்.

வேகமாக இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போலக் குழிகிறது. அந்தக் குழிக்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல எழும்புகிறது. அது கிணற்றின் அடியைத் தொட்டதும் தண்ணீர் சவர்க்கத் தொடங்கும். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். பாசன நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன்ஸைத் தாண்டும்போது விளைச்சல் குறையத் தொடங்கும் என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது.

இதை நாம் ஒருமுறை அனுபவத்தில் கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிழக்குக் கரையின் திறந்த கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. உப்பு போகட்டும் என்று பலர் பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கிணற்றில் விழுந்த சேறும் குப்பையும் அதனால் வெளியேறின, உப்பு போகவில்லை. மிதமிஞ்சி இறைத்தால் கீழிருந்து மேலும் உப்பு ஏறும், மணலில் நிற்கும் கிணறு இடிந்துபோகவும் கூடும் என்று பிறகு நிபுணர்கள் எச்சரித்தார்கள். கடைசியில் நிலத்தடி நீரைக் கழுவித் தந்தது பெரும்பாலும் மழைதான். நமக்கு அந்த மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையே கிடைக்கிறது. சித்திரையில் கெடுத்த கிணற்றுக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

துலாவில் இறைத்த காலத்தில் மனித உடலே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. மிதிப்பவர் களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறும் ஊறும். பம்பி களைப்பதில்லை. ஆகவே அந்த ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி, இறைக்க முன்னரும் இறைத்து முடிந்ததும் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். பழைய மட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துவையுங்கள். அந்த நேரம் முடியும்வரை மறுபடி பம்பியைப் போடாதீர்கள். ஒரே மூச்சில் இரண்டு மணிநேரம் இறைப்பதைவிட, காலையும் மாலையும் பிரித்து, சிறிய பம்பியால் மெதுவாக இறைப்பது நல்லது. உறிஞ்சும் குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வைக்காமல், மிதவையில் கட்டி மேல்நீருக்குச் சற்றுக் கீழே தொங்கவிடலாம்; கிணற்றுக்குள் நன்னீர் மேலேயும் சவர்நீர் கீழேயும் நிற்கும் இடங்களில் இது உதவும். கூடுதல் நீர் தேவையென்றால், ஒரு கிணற்றை ஆழமாக்குவதைவிட, ஆழம் குறைந்த இரண்டு கிணறுகளில் பங்கிட்டு இறைப்பது பாதுகாப்பு. மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய கருவியைத் தோட்டக்காரர் சிலர் சேர்ந்து வாங்கி, வாரம் ஒருமுறை அளந்து எழுதலாம். எண் ஏறத் தொடங்கினால், நாக்குக்குத் தெரிய முன்னரே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

இப்போது சூரியசக்திப் பம்பிகள் பற்றிய பேச்சும் கூடியிருக்கிறது. பகல் முழுவதும் மெதுவாக இறைக்கக்கூடியது என்பதால் அது கரையோரத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் எரிபொருள் செலவில்லை என்பதால், தேவை முடிந்த பின்னும் ஓடவிடும் ஆசை வரும். அத்தகைய பம்பிகளுக்கு மானியம் கொடுப்பவர்கள், தாங்கி நிரம்பினாலோ நீர்மட்டம் குறித்த அளவுக்கு இறங்கினாலோ தானாக நிற்கும் ஆளியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஒரு வளவில் எழும்பும் உப்பு வேலியோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் குடிநீரும் அதே மணலுக்குள்தான் இருக்கிறது. பம்பி வாங்கும்போது எவ்வளவு வேகமாக இறைக்கும் என்று கடையில் கேட்கிறோம். நம் கிணறு எவ்வளவு வேகமாக ஊறும் என்பதை அதற்கு முன்னர் அளந்து வைத்திருக்க வேண்டும்.